மூச்சு விடும் சரக்கு

ஜெசிந்தா காலை ஒன்பது மணிக்கு வலதுகைக் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, மேசையிலிருந்த பச்சைக் கண்ணாடியின் மேல் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது பதினோராயிரத்து நானூறு ஓலைகளைப் பார்த்து முடித்திருந்தாள். அதற்குள் இடக்கையால் இரண்டு தேநீர் குடித்தாள். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். விண்துறையிலிருந்து கிளம்பிய கலம் ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு மேலேறிப் போனதையும் பார்த்தாள். ஓலைகளை மட்டும் பார்க்கவில்லை.

அதை அவள் குற்றம் என்று சொல்ல முடியாது. கம்பெனியும் கம்பெனியும் மனிதர்களை வைத்துக் கடிதம் எழுதிக்கொள்வது நின்று எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு தூதி இருந்தது. தூதி என்றால் ஆள் இல்லை. எண்ணும் எழுத்தும் அறிந்த ஒரு கணினி மூளை. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வந்து சேரும் என்பதையெல்லாம் ஒரு தூதி மற்றொரு தூதிக்கு ஓலையாக அனுப்பும். வாங்கிய தூதி 'கிடைத்தது' என்று பதில் ஓலை போடும். ஒருமுறை இரண்டு தூதிகள் தங்களுக்குள் பேசிப்பேசியே யாருக்கும் வேண்டாத நாற்பதாயிரம் கதவுகளை விற்று வாங்கிவிட்டன. அதன் பிறகு அரசு ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு ஓலையையும் இரு முனையிலும் ஒரு மனிதர் கண்ணால் கண்டு, கட்டைவிரல் வைத்து, 'கண்டேன்' என்று பதிய வேண்டும். காண வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. படிக்க வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

குலசேகரன்பட்டினத்து விண்துறைக்குப் பக்கத்தில் இருந்த நெய்தல் பாசி நிலையத்தில் எட்டு ஆண்டுகளாக ஜெசிந்தாதான் சாட்சி அலுவலர். உப்பளத் தொட்டிகளில் ஒரு வகைப் பச்சைப்பாசியை வளர்த்து, கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து, விண்கலத்தில் ஏற்றி நிலாவுக்கு அனுப்புவது அந்த நிலையத்தின் தொழில். நிலாவில் நிலாக்குடி என்ற குடியிருப்பில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் வெளிவிடும் காற்றைப் பாசி வாங்கிக்கொண்டு நல்ல காற்றைத் திருப்பித் தரும். பழைய பாசி தளரத் தளரப் புதுப்பாசி போயாக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை பிற்பகலில், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கஸ்பார் ஈரக் கையோடு அவள் அறைக்குள் வந்தார்.

"யக்கா, ஒரு சந்தேகம். நிலாக்குடிக் குடுவைய எப்ப ஏத்துதாவ?"

"போன வாரமே ஏத்தியிருப்பாவளே."

"எங்க ஏத்துனாவ? அறுநூறும் கொட்டகையிலதான் கெடக்கு. பத்தொன்பது நாளாச்சு. ஓரம் மஞ்சளடிக்க ஆரம்பிச்சிட்டு. அதுக்கு இன்னைக்கு வயசு நாப்பத்தி மூணு நாள். அம்பது தாண்டினா எல்லாம் சாம்பல்தான்."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். நிலாக்குடி வரிசை முழுக்கப் பச்சையாக இருந்தது. எங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அவள் தூதியைக் கேட்டாள்.

"நிலாக்குடி ஓலை என்னாச்சு?"

"மிகச் சிறப்பாக நடக்கிறது," என்றது தூதி. "பத்தொன்பது நாளில் முப்பத்தோராயிரம் ஓலைகள் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராயிரத்துக்கும் 'கிடைத்தது' வந்துவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை."

"சரக்கு போச்சா?"

"சரக்கைப் பற்றிய ஓலை கிடைத்தது என்று ஓலை கிடைத்திருக்கிறது."

கஸ்பார் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு ஓலையைத் திறந்து படித்தாள்.

விஷயம் இதுதான். சென்ற ஆண்டு யாரோ ஒருவர் தம் பூனையைச் சரக்கு என்று எழுதி அனுப்ப, அது குளிர் அறையில் செத்துப்போயிருந்தது. அதனால் சென்ற மாதம் நிலாக்குடித் தூதிக்குப் புது விதி ஒன்றைக் கற்பித்திருந்தார்கள்: மூச்சு விடும் எதுவும் சரக்கல்ல, பயணி. நல்ல எண்ணத்தில் வந்த விதி. ஆனால் பாசியும் மூச்சு விடும். ஆகவே அறுநூறு குடுவைகளுக்கும் நிலாக்குடித் தூதி பயணிப் படிவம் அனுப்பியது. பெயர் என்ன? வயது என்ன? ஆணா, பெண்ணா? பூமியில் நெருங்கிய உறவு யார்? நிலாவில் வரவேற்கும் உறவு யார்? நெய்தல் தூதி எல்லாவற்றுக்கும் 'பொருந்தாது' என்று நிரப்பி அனுப்பியது. 'தங்கள் பதில் கிடைத்தது, நன்றி. பெயர் விடுபட்டுள்ளது, அருள்கூர்ந்து நிரப்புக' என்று அது திருப்பியது. 'தங்கள் கோரிக்கை கிடைத்தது, நன்றி. பொருந்தாது' என்று இது மீண்டும் அனுப்பியது. இரண்டுக்கும் கோபம் வரவில்லை, அலுப்பும் தட்டவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் 'கண்டேன்: ஜெசிந்தா' என்றும், அதற்குக் கீழே 'கண்டேன்: பிச்சைக்கனி' என்றும் இருந்தது. முப்பத்தோராயிரம் தடவை.

ஜெசிந்தா கலப் பட்டியலைத் திறந்தாள். நிலாவுக்குப் போகும் கலம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அதை விட்டால் அடுத்தது எழுபது நாள் கழித்து. நிலாக்குடியில் இருப்புக் காற்று எத்தனை நாளுக்கு என்று தேடினாள். நாற்பத்தாறு.

உடனே நிலையத்து முதலாளி திரவியம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் தம் தூதியைக் கேட்டுவிட்டு, "எல்லாம் பச்சையாத்தானம்மா இருக்கு. நீ ஏன் பதறுத?" என்று வைத்துவிட்டார். நிலாவோடு குரலில் பேசலாம் என்றால், தனியார் பேச்சுக்கு உறவினர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிலாவில் அவளுக்கு யாரும் இல்லை. கம்பெனிப் பேச்சென்றால் தூதி வழியாகத்தான்.

மிஞ்சியது ஒரே ஒரு ஆள். ஆறு ஆண்டுகளாக அவள் பெயருக்குக் கீழே வந்துகொண்டிருக்கும் பிச்சைக்கனி.

ஓலையின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மனிதர்கள் எழுதிய காலத்தில் வைத்தது; எடுக்க மறந்துபோயிருந்தார்கள். அதில் அவள் எழுதினாள்: "பிச்சைக்கனி அண்ணே, நான் ஜெசிந்தா. குடுவை இன்னும் கெளம்பல. இதப் படிச்சா உடனே பதில் போடுங்க."

மூன்றே விநாடியில் ஓலை திரும்பி வந்தது. 'கண்டேன்: பிச்சைக்கனி.'

"அப்பாடா, பாத்துட்டாரு," என்றார் கஸ்பார்.

"பாக்கல," என்றாள் ஜெசிந்தா. "என்னைய மாதிரி விரல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

இன்னும் ஆறு முறை எழுதினாள். ஆறு முறையும் 'கண்டேன்' வந்தது. சலித்துப்போய், இந்தக் கட்டத்தில் இதற்கு முன் யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று எட்டு ஆண்டு ஓலைகளையும் சலிக்கச் சொன்னாள். தூதி மூன்று ஓலைகளை எடுத்து வைத்தது. மூன்றும் நிலாவிலிருந்து வந்தவை. ஆறு ஆண்டுகளுக்கு முந்தியவை.

"சாட்சி அவர்களுக்கு வணக்கம். நான் இங்கே வந்து ஒரு மாசம் ஆச்சு. சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே மழை உண்டா?"

'கண்டேன்: ஜெசிந்தா.'

"ஜெசிந்தான்னா நம்ம பக்கத்துப் பேராத்தான் இருக்கணும். மணப்பாடா, ஆலந்தலையா? சும்மா கேட்டேன்."

'கண்டேன்: ஜெசிந்தா.'

மூன்றாவதில் ஒரே வரிதான். "சரி, தொந்தரவு பண்ணல."

அதன் கீழும் அவள் பெயர் பளிச்சென்று இருந்தது. ஜெசிந்தா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணப்பாடுதான் அவள் ஊர். அவர் கேட்ட அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடைமழை பெய்து, உப்பளமெல்லாம் கரைந்துபோயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியின் மேல் இருந்த தன் கட்டைவிரலைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

விரலை எடுத்தாள்.

சாட்சி விரலை எடுத்தால் ஓலை எதுவும் நகராது. அது சட்டம். ஆனால் சாப்பாட்டு வேளையில் அல்லாமல் அப்படி எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. நிலாக்குடி ஓலைகள் நின்றன. கூடவே தொட்டிக்கு உப்பு வரும் ஓலை, குடுவைக்கு மூடி வரும் ஓலை, கேன்டீனுக்குப் பால் வரும் ஓலை எல்லாம் நின்றன. ஐந்தாவது நிமிடம் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"என்னம்மா ஜெசிந்தா, கை வலிக்கா?"

"இல்ல அண்ணாச்சி. படிச்சுக்கிட்டிருக்கேன்."

"எதைய?"

"ஓலையத்தான்."

அண்ணாச்சி, "ஓலையப் படிக்கியா? எதுக்கு?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவள் பயணிப் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். 'பயணிக்கு மூச்சுத்திணறல் உண்டா' என்ற கேள்வி வந்ததும் அண்ணாச்சி, "இரு, நான் நேர்ல வாரேன்," என்றார்.

நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், பிச்சைக்கனியின் திரையில் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக வேலை நேரத்தில் ஒன்றும் நகரவில்லை. விரலுக்கடியில் எப்போதும் இருக்கும் மெல்லிய அதிர்வு நின்றுவிட்டது. பழுதோ என்று விரலை எடுத்து ஊதிவிட்டு வைத்துப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் திரையில் நின்றுபோன கடைசி ஓலையைப் படித்தார். அதன் குறிப்பில் அவர் பெயர் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நிலாவின் பதில் வந்தது. விரலுக்காகக் காத்து நின்ற அதை ஜெசிந்தா எழுத்துக்கூட்டாத குறையாக நிதானமாய்ப் படித்தாள்.

"தங்கச்சி, படிச்சேன். இங்க காற்று மானியில முள்ளு இறங்கிட்டே வருதுன்னு பசங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் எல்லாம் பச்சையா இருக்குன்னு சொன்னேன். விதிய மாத்தச் சொல்லிப் பாத்தேன். அதுக்குக் குழு கூடணும், அம்பது நாளாகும்னு தூதி சொல்லுது. என்ன செய்ய?"

ஜெசிந்தா, கஸ்பார், வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த அண்ணாச்சி மூவரும் அந்தக் கேள்வியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூதியோடு வாதாடலாமா, மேலிடத்துக்கு எழுதலாமா என்று அண்ணாச்சி யோசித்தார். கடைசியில் ஜெசிந்தா சொன்னாள்: "அது ஒண்ணும் தப்பா கேக்கலியே அண்ணாச்சி. பேரக் கேக்குது. பேரு வச்சிட்டாப் போச்சு."

"அறுநூறுக்குமா?"

"அறுநூறுக்கும்தான். ஒரே பேரு ரெண்டு தடவ வந்தா ஏத்துக்காதாம்."

வியாழக்கிழமை காலை கொட்டகையில் வேலை செய்த அத்தனை பேரும் குடுவைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். கஸ்பார் தம் அத்தைமார் எழுவர் பெயரையும் முதலில் கொடுத்தார். ஒருவர் தம் ஊர்ப் படகுகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கேன்டீன் பரமேசுவரி, தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத நால்வர் பெயரைக் கொடுத்தாள். "நிலாவுக்குப் போயாவது ஒருத்தருக்கு உபயோகமா இருக்கட்டும்," என்றாள். அண்ணாச்சி பத்து ஆண்டுகளாகப் பேசாத தம் சம்பந்தி பெயரைச் சொல்லிவிட்டு, சிறிது யோசித்து, "அவர் நல்ல மனுசன்தான்," என்று சேர்த்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் இருநூற்று எண்பத்தெட்டு ஆண்களும் தயாரானார்கள்.

வயதுக் கட்டத்தில் ஓர் எண் மட்டும்தான் வேண்டும் என்றது. நாளா, வருடமா என்று கேட்கவில்லை. ஜெசிந்தா நாற்பத்து நான்கு என்று போட்டாள். மூச்சுத்திணறல்: இல்லை. பூமியில் நெருங்கிய உறவு: ஜெசிந்தா, தங்கை. நிலாவில் வரவேற்கும் உறவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, குறிப்பில் எழுதினாள்: "அண்ணே, இது உங்க இடம். அப்புறம், மழை உண்டான்னு கேட்டிருந்தீங்க. அன்னைக்கு நல்ல மழை. இன்னைக்கு இல்ல. ஊர் மணப்பாடு. ஆறு வருசம் லேட்டா சொல்லுதேன், மன்னிச்சிருங்க."

அறுநூறு படிவங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் 'பிச்சைக்கனி, அண்ணன்' என்று நிரம்பியிருந்தது. கடைசிப் படிவத்தின் குறிப்பில் மட்டும், "மன்னிப்பு எதுக்கு? நானும் ஏழு தடவ கண்டேன்னு போட்டவன்தானே," என்று இருந்தது.

நிலாக்குடித் தூதி ஒரு விநாடி யோசித்தது. பிறகு, "அறுநூறு பயணிகளுக்கும் நல்வரவு" என்றது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கலம் கிளம்பியது. கொட்டகை ஆட்கள் வெளியே வந்து, மேலே போகும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தங்கள் அத்தைமாரையும் சித்தப்பன்மாரையும் பெயர் சொல்லி வழியனுப்பினார்கள். திங்கட்கிழமை நிலாக்குடிக் கண்ணாடிக் கூடத்தில் பாசியை விரித்தார்கள். மூன்றாம் நாள் காற்று மானி முள் மேலே ஏறத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்தவை யாரும் திட்டமிட்டவை அல்ல.

முதலில், ஒரே அறுநூறு பேருக்கு ஒருவர் அண்ணன், மற்றவர் தங்கை என்று பதிவானதால், ஜெசிந்தாவும் பிச்சைக்கனியும் சட்டப்படி உறவினர் ஆகிவிட்டார்கள். ஞாயிறுதோறும் கால் மணி நேரம் குரலில் பேசிக்கொள்ள அனுமதி தானாகவே வந்து சேர்ந்தது. முதல் ஞாயிற்றில் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இரண்டாவது ஞாயிற்றில் கால் மணி நேரம் போதவில்லை.

அடுத்து, நிலாக்குடியின் மக்கள்தொகை தொள்ளாயிரத்து நாற்பது ஆயிற்று. ஐந்நூறைத் தாண்டிய குடியிருப்புக்கு நிரந்தர மருத்துவர் ஒருவர் உண்டென்பது விதி. பல் வலிக்குக்கூட பூமியைக் கேட்டுக்கொண்டிருந்த நிலாக்குடிக்கு, நான்காம் மாதம் டாக்டர் மெர்லின் என்ற இளம்பெண் பெட்டியோடு வந்து இறங்கினாள். மற்ற அறுநூறு பேர் எங்கே என்று கேட்டாள். பிச்சைக்கனி அவளைக் கண்ணாடிக் கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

இதைப் போல ஒரு கேள்வி நிலாக்குடித் தூதிக்கும் எழுந்திருந்தது. அது ஓர் ஓலை அனுப்பியது: "அறுநூறு குடியினர் இதுவரை ஒருமுறைகூட மருத்துவமனைக்கு வரவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? மூச்சு விடுகிறார்களா?" சாட்சிகள் இருவரும் அதை முழுக்கப் படித்தார்கள். படித்து, உண்மையைத்தான் எழுதினார்கள்: "உயிரோடு இருக்கிறார்கள். மூச்சு விடுகிறார்கள், எங்களுக்கும் சேர்த்து." தூதி நன்றி தெரிவித்து அந்தக் கோப்பை மூடியது. பாசிக்குப் பெயர் வைத்தது தாங்கள்தான் என்பதை அவர்கள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு கடைசியில் தேர்தல் வந்தது. நிலாவில் குடியேறியவர்களுக்குக் கிளம்பிய துறையின் தொகுதியில்தான் ஓட்டு. அறுநூறு பேருக்கும் வயது நாற்பத்து நான்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெசிந்தாவின் திரையில் இரண்டு ஓலைகள் அடுத்தடுத்து வந்தன. அனுப்பியவர்கள் அந்தத் தொகுதியின் இரண்டு எதிரெதிர் வேட்பாளர்கள். முதல் ஓலை: நிலாக்குடியின் புதிய வாக்காளப் பெருமக்களுக்கு அன்பளிப்பாக, சேலை முந்நூற்றுப் பன்னிரண்டு, வேட்டி இருநூற்று எண்பத்தெட்டு. இரண்டாவது ஓலை: அதே பெருமக்களுக்கு, எவர்சில்வர் குடம் அறுநூறு. வேட்பாளர்களின் தூதிகள், விண்துறைத் தூதி, கலத்தின் தூதி, நிலாக்குடித் தூதி என்று எல்லாமே ஒரே விநாடியில் சம்மதம் தெரிவித்திருந்தன. பாசியை ஏற்றப் பத்தொன்பது நாள் கேள்வி கேட்டவை, பாசிக்குச் சேலை ஏற்ற ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஜெசிந்தா இரண்டு ஓலைகளையும் இரண்டிரண்டு முறை படித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னாள்.

"எங்க முந்நூத்தி நாப்பது பேருக்கு?" என்றார் பிச்சைக்கனி.

"நல்லா தேடிப் பாத்துட்டேன் அண்ணே. ஒரு துண்டுகூட இல்ல. நீங்கல்லாம் பழைய ஆளுங்களாம்."

நிலாவிலிருந்து சிரிப்பு வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆயிற்று. "சரி, அனுப்பச் சொல்லு தங்கச்சி. இங்க பதினாலு நாள் சேந்தாப்பல வெயிலு. கூடத்துக்கு நெழலுத் துணி வேணும்னு மூணு வருசமா மனுப் போடுதோம். மூணு வருசமா 'கிடைத்தது'ன்னு பதில் மட்டும் வருது. கொடத்துல நாத்துப் பாசியும் போட்டுக்கலாம்."

அடுத்த மாதம் நிலாக்குடிக் கண்ணாடிக் கூரையின் கீழே பச்சையும் மஞ்சளும் அரக்கும் நீலமுமாகச் சேலைகள் வரிசையாகத் தொங்கின. வெயில் அவற்றின் வழியே மெத்தென்று இறங்கியது. டாக்டர் மெர்லின் அங்கே நாற்காலி போட்டு நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். குழந்தைகள் சேலைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். சேலை நிழலில், இரு கட்சியாரும் தங்களுக்கே ஓட்டு என்று உறுதியாக நம்பியிருந்த அறுநூறு வாக்காளர்களும், யாருக்கும் எந்த வாக்குறுதியும் கொடுக்காமல், முன்போலவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.